அப்பாவின் மெடல் வலப்பக்கம், மகனின் மெடல் இடப்பக்கம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் ராணுவத்தில் 22 வருஷம் குவார்ட்டர் மாஸ்டர் ஸ்டோரில் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். வேலூர் பக்கத்து ஊர்களில் தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்தில் இருப்பார்கள், கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், அதனால் ஆகஸ்ட் 15, ஜனவரி 26 நெருங்கினாலே என் வீட்டுத் திண்ணைக்கு யாராவது மெடலோடு வந்துவிடுவார்கள். வரிசை பார்த்து, ரிப்பன் மாற்றி, தைத்துக் கொடுப்பேன். காசு வாங்குவதில்லை. இப்போது எழுதுவது 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்தது. அந்தக் குடும்பத்திடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், பட்டாலியன் நம்பர் மூன்றையும் விட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஒரு சுபேதார், இன்னும் சர்வீஸில் இருப்பவர், தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சுபேதாரின் மகன் பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் பயிற்சியை முடிக்கப் போகிறான், செப்டம்பரில் பாசிங் அவுட் பரேடு, அதற்கு 19 நாள்தான் இருந்தது. அப்பா என்ற முறையில் சுபேதார் செரிமோனியல் டிரஸ்ஸில் போக வேண்டும், மகனின் தோளில் நட்சத்திரம் குத்த வேண்டும். இரண்டு மெடல் வரிசைகளைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். ஒன்று அவருடையது, ஒன்பது மெடல். இன்னொன்று அவர் அப்பாவுடையது, எட்டு மெடல். அப்பா 1962-இல் சேர்ந்து 1979-இல் ஓய்வு பெற்றவர், மெட்ராஸ் ரெஜிமெண்ட். 2023-இல் காலமாகிவிட்டார். இரண்டு வரிசையையும் டவுனில் ஒரு கடையில் கொடுத்துத் தைத்து வாங்கியிருந்தார்கள்.

“அண்ணே, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க. மாட்டிப் பார்த்தா என்னமோ சரியில்ல.”

“வைங்க சாப், பார்க்கலாம்” என்றேன். அப்புறம்தான் அவர் மனசில் இருந்ததைச் சொன்னார். பரேடு அன்றைக்குச் சீருடையில் இடப்பக்கம் தன் மெடல், வலப்பக்கம் அப்பாவின் மெடல், இரண்டையும் போட்டுக்கொண்டு மகன் முன்னால் நிற்க வேண்டும். மூன்று தலைமுறை ஒரே இடத்தில். அந்த ஆசை எனக்கு நன்றாகவே புரிந்தது. முடியாது என்பதும் அப்போதே தெரிந்தது, ஆனால் உடனே சொல்ல மனசு வரவில்லை.

டப்பாவிலிருந்து வந்த எட்டு

முதலில் பெரியவரின் வரிசையைப் பார்த்தேன். அவர் இருந்தவரை மெடல்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் உதிரியாகக் கிடந்திருக்கின்றன. ரிப்பன்கள் இற்றுப்போயிருந்தனவாம். கடைக்காரர் புது ரிப்பன் போட்டிருந்தார், பழசைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் முகம் வாடியது. “அது அவரு கையால மடிச்சு வச்சது தம்பி” என்றார்.

மெடல்களை மெட்டல் பாலிஷ் போட்டுப் புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம்முடைய மெடல்களில் விளிம்பைச் சுற்றி வீரரின் நம்பரும் ரேங்க்கும் பெயரும் பொறித்திருக்கும், அழுத்தித் தேய்த்தால் முதலில் போவது அந்த எழுத்துதான். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். சைன்ய சேவா மெடலில் பெயரின் கடைசி மூன்று எழுத்து மழுங்கியிருந்தது. அடுத்து சங்கிராம் மெடல், நம்பர் சரி, பெயர் சரி. அதற்கடுத்தும் ஒரு சங்கிராம் மெடல்.

ஒரே மெடல் இரண்டு. அங்கேயே நிறுத்தினேன். சங்கிராம் மெடல் 1971 போர்க்காலத்தில் சேவையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது, ஒருவருக்கு ஒன்றுதான். இரண்டாவதன் விளிம்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நம்பர் வேறு, பெயரும் வேறு. பெயரைப் படித்துச் சொன்னதும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய கொழுந்தனார், கல்யாணம் ஆகாமலே போனவர், அவரும் ராணுவத்தில்தான், சப்ளை டிப்போவில் வேலை பார்த்தவர். அண்ணன் அந்த ஒரு மெடலைத் தன் டப்பாவிலேயே போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

மற்ற குறைகள் சீக்கிரம் கண்ணில் பட்டன. வரிசை முழுக்கத் தப்பு. முதலில் சுதந்திர வெள்ளிவிழா மெடல், கடைசியில் காயமடைந்தவர்களுக்கான வூண்ட் மெடல். கேட்டதற்கு, வூண்ட் மெடல்தான் கடைசியாகக் கைக்கு வந்ததாம், அதனால் கடைசியில் வைத்தார்களாம். ரிப்பனை அட்டையில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், தையலே இல்லை.

சுபேதாரின் வரிசையிலும் இதே கதைதான். நீல ரிப்பன் போட்ட ஐ.நா. மெடல் முதலில் இருந்தது. ஒன்பது மெடலையும் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ரிப்பன் 32 மி.மீ. அகலம், ஒன்பதுக்கு 288 மி.மீ., ஏறக்குறைய ஒரு அடி ஸ்கேல். மாட்டிக்கொண்டு கையை வீசச் சொன்னேன். இடக்கை முன்னால் வரும்போதெல்லாம் கடைசி மெடல் அக்குளுக்குள் போய்ச் சட்டைக்கையில் சிக்கியது. அவர் சொன்ன ‘என்னமோ சரியில்ல’ இதுதான்.

டிஸ்சார்ஜ் புக்குக்காக நாலு நாள்

மெடல் கையில் இருக்கிறது என்பதாலேயே அது அவருடையது என்று ஆகிவிடாது, கையில் இல்லை என்பதாலேயே அவருக்குக் கிடைக்கவில்லை என்றும் ஆகிவிடாது. ஓய்வு பெறும்போது ராணுவம் கொடுக்கும் சர்வீஸ் பதிவுப் புத்தகம், அதாவது டிஸ்சார்ஜ் புக்தான் சாட்சி. அது குடியாத்தத்தில் சுபேதாரின் அக்கா வீட்டில் இருந்தது, வந்து சேர நாலு நாள் ஆனது. 19 நாளில் நாலு நாள் என்பது பெரிசு, நான் வேறு, ரிப்பன் வாங்குவதற்கு முன்னாலேயே அட்டையை அளந்து வெட்டி வைத்திருந்தேன்.

புத்தகம் வந்ததும் பக்கத்தைப் புரட்டினோம். அவருக்கு உரிய மெடல் எட்டுதான். ஆனால் நாங்கள் வைத்திருந்த எட்டு அது இல்லை. 1965-க்கான ரக்ஷா மெடல் புத்தகத்தில் இருந்தது, டப்பாவில் இல்லை. அதன் இடத்தில் தம்பியின் சங்கிராம் மெடல் உட்கார்ந்திருந்தது. எட்டுக்கு எட்டு கணக்கு சரியாக வந்ததால் இத்தனை வருஷம் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

வரிசை பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வருகிறவர்களில் பாதிப் பேர் தடுமாறுவது இதில்தான். முதலில் கிடைத்தது முதலில் என்று கிடையாது, பெரிசு, அழகு என்பதும் கிடையாது. இந்திய அரசு வகுத்த முன்னுரிமை வரிசை ஒன்று இருக்கிறது, பாரத ரத்னாவில் தொடங்கி, பரம் வீர் சக்ரா, அசோக சக்ரா என்று இறங்கி, ஒன்பது வருஷ சேவை மெடலையும் தாண்டி, காமன்வெல்த், வெளிநாட்டு மெடல்களில் முடியும். நம்மிடம் இருப்பதை மட்டும் அந்த வரிசைப்படி பொறுக்கி அடுக்க வேண்டும். பெரியவர் 1971 டிசம்பரில் கிழக்கு முனையில் காயம்பட்டவர். வூண்ட் மெடல் என்பதே 1973-இல்தான் ஏற்படுத்தப்பட்டது, இப்போது அதன் பெயர் பராக்ரம் பதக். கைக்குத் தாமதமாக வந்தாலும் வரிசையில் அது போர் மெடல்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும். ஆகவே அவருடைய சரியான வரிசை இப்படி வந்தது: வூண்ட் மெடல், சமர் சேவா ஸ்டார், பூர்வி ஸ்டார், ரக்ஷா மெடல், சங்கிராம் மெடல், சைன்ய சேவா மெடல், வெள்ளிவிழா மெடல், ஒன்பது வருஷ சேவை மெடல்.

கவனித்தால் இதில் ஒரு ஒழுங்கு தெரியும். 1965-க்கு இரண்டு (சமர் சேவா, ரக்ஷா), 1971-க்கு இரண்டு (பூர்வி, சங்கிராம்). போர்முனைக்குப் போனவருக்கு நட்சத்திரம், 1971-இல் கிழக்கே போனால் பூர்வி, மேற்கே போனால் பஸ்சிமி. அந்தக் காலத்தில் சேவையில் இருந்தவர்களுக்கு வட்ட மெடல். சப்ளை டிப்போவில் இருந்த தம்பிக்கும் சங்கிராம் மெடல் கிடைத்தது அதனால்தான். நட்சத்திரங்கள் இரண்டும் முன்னால், வட்டங்கள் பின்னால்.

யார் எதை அணிவது

அன்று சாயங்காலம் சுபேதாரிடம் விஷயத்தைச் சொன்னேன். சீருடையில் அப்பாவின் மெடலைப் போட முடியாது, வலப்பக்கமும் முடியாது.

“அப்பா ரத்தம் சிந்திச் சம்பாதிச்சது அண்ணே. மகன் நான் போட்டா என்ன தப்பு?”

தப்பு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது எளிதில்லை. நான் சொன்னது இதுதான். சீருடையில் இருப்பவரின் மார்பைப் பட்டாளத்துக்காரர் யாரும் சும்மா பார்ப்பதில்லை, படிக்கிறார்கள். எங்கே இருந்தான், எத்தனை வருஷம், எந்தப் போர், எவ்வளவு உயரத்தில் என்று, அணிந்தவரின் வலமிருந்து இடமாக, ஒரு ஆளின் சர்வீஸ் முழுக்க அதில் எழுதியிருக்கும். அந்தச் சீருடை இவருடையது, அதில் எழுதியிருப்பதும் இவருடையதாகத்தான் இருக்க வேண்டும். 46 வயசு ஆள் மார்பில் 1965 ஸ்டார் தொங்கினால் படிக்கிறவனுக்குக் குழம்பும், அது அப்பாவுக்கும் மரியாதை ஆகாது.

அதே சமயம் வழியே இல்லை என்றும் இல்லை. காலமான வீரரின் நெருங்கிய குடும்பத்தார் போர் நினைவிடங்களில் அஞ்சலி செலுத்தும்போதும் இறுதிச் சடங்குகளிலும் அவருடைய மெடல்களை வலப்பக்க மார்பில் அணியலாம் என்று ராணுவம் சில வருஷங்களுக்கு முன் அனுமதி கொடுத்தது. வலப்பக்கம் என்பதற்கு அர்த்தம் உண்டு. இடப்பக்கம் இருந்தால் நான் வாங்கியது, வலப்பக்கம் இருந்தால் என் வீட்டில் போனவர் வாங்கியது. பாசிங் அவுட் பரேடு அந்த அனுமதிக்குள் வராது. ஆனால் சென்னையில் கோட்டைக்கு எதிரே, காமராஜர் சாலையில் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போருக்காகக் கட்டியது, பிறகு வந்த போர்களில் இறந்தவர்களையும் அங்கே நினைவுகூர்கிறார்கள்.

பரேடுக்கு முந்தின நாள் குடும்பத்தோடு அங்கே போய் மலர் வைப்பது, அப்போது பெரியவரின் மெடல்களை அம்மா வலப்பக்கம் அணிவது, மறுநாள் பரேடில் சுபேதார் தன் மெடல்களை மட்டும் இடப்பக்கம் அணிவது. இதுதான் முடிவு. சுபேதார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அம்மாதான் முடித்து வைத்தார். “எங்க போடணுமோ அங்க போடறேன் தம்பி. ஒரு தடவை போட்டாப் போதும் எனக்கு.”

ரக்ஷா மெடல் விஷயத்தில் இன்னொரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கடைகளில் நகல் கிடைக்கும். புத்தகத்தில் உரிமை பதிவாகியிருப்பதால் நகல் வைப்பதில் குற்றமில்லை என்று நான் சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் பொறிக்காத ஒன்று அவர் பெயர் உள்ளவற்றுக்கு நடுவில் வேண்டாம் என்றார். சரி, ஏழு மெடலாகவே தைப்பது, தொலைந்ததற்கு வெலிங்டனில் உள்ள ரெஜிமெண்ட் ரெக்கார்ட்ஸுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக எழுதுவது என்று வைத்துக்கொண்டோம்.

சுபேதாரின் ஒன்பது

அவர் 1998-இல் சேர்ந்தவர், அதனால் 1997-இன் பொன்விழா மெடல் அவருக்கு இல்லை, 75-ஆவது ஆண்டு மெடல் உண்டு. சியாச்சின் கிளேசியர் மெடல் முதலில். பிறகு ஆபரேஷன் பராக்ரம், சைன்ய சேவா, ஹை ஆல்டிட்யூட், விதேஷ் சேவா, 75-ஆவது சுதந்திர ஆண்டு, 20 வருஷ சேவை, 9 வருஷ சேவை, கடைசியாக ஐ.நா. மெடல். காங்கோவுக்குப் போன ஒரே பயணத்துக்கு இரண்டு மெடல். விதேஷ் சேவா நம் அரசு கொடுத்தது, நீல ரிப்பன் ஐ.நா. கொடுத்தது. நம்முடையது நடுவில் தன் இடத்தில் நிற்கும், வெளியார் கொடுத்தது கடைசிக்குப் போகும். எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கியிருந்தாலும் அதுதான் முறை.

‘முதல்’ என்பது எந்தப் பக்கம் என்பதில்தான் கடையில் குழம்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அணிபவரின் மார்பு நடுவுக்கு, சட்டைப் பொத்தான் வரிசைக்கு, மிக அருகில் இருப்பதுதான் முதல் மெடல். எதிரே நின்று பார்ப்பவருக்கு அது இடது ஓரம். மேசையில் மெடல்முகம் மேலே பார்க்க வைத்துத் தைக்கும்போது நாம்தான் எதிரே நிற்பவர், ஆகவே இடதிலிருந்து தொடங்க வேண்டும்.

தைத்த விதம்

மெடல் தைப்பதில் இரண்டு முறை உண்டு. ஒன்றில் ரிப்பன் மட்டும் பாரில் இருக்கும், மெடல் கீழே தொங்கி ஆடும், நடந்தால் கிணிகிணி என்று சத்தம் வரும். இன்னொன்று கோர்ட் மவுண்டிங், ரிப்பனும் மெடலும் ஒரு கெட்டியான பலகைமேல் படுத்தபடி அசையாமல் நிற்கும். பெரியவருக்கு நான் கோர்ட் மவுண்டிங் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்த இரண்டு ஸ்டார்கள். ஐந்து முனையும் கூர்மை, ஆடவிட்டால் பக்கத்து வட்ட மெடலைக் கீறிவிடும். டப்பாவில் கிடந்தபோதே சங்கிராம் மெடலில் இரண்டு கோடு விழுந்திருந்தது. சுபேதாருக்கும் அதே முறைதான்.

ஐந்து மெடல் வரை இடைவெளி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், ஐந்துக்கு 160 மி.மீ. அதற்கு மேல் போனால் ஒன்றன்மேல் ஒன்று ஏற்ற வேண்டும். முதல் மெடல் முழுசாகத் தெரிய வேண்டும், அணிபவரின் இடக்கைப் பக்கம் அடுத்து உள்ளது அதற்கு அடியில் கொஞ்சம் ஒளிய வேண்டும், இப்படியே கடைசி வரை. பெரியவரின் ஏழுக்கு 21 மி.மீ. இடைவெளி வைத்தேன். முதல் ரிப்பன் 32, மீதி ஆறு இடைவெளி 126, மொத்தம் 158 மி.மீ. எட்டாவது வந்தால் 18 மி.மீ. இடைவெளிக்குக் குறைத்து மறுபடி தைத்தால் அதே 158-இல் அடங்கிவிடும், பலகையை மாற்றவேண்டியதில்லை. சுபேதாருக்கு மார்பு அகலம், 20 மி.மீ. இடைவெளியில் ஒன்பதும் 192 மி.மீ.க்குள் வந்தன, அக்குளுக்கு நாலு விரல் முன்னாலேயே முடிந்தது.

பசையை வெந்நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துப் பிரித்தேன், மெடல்மேல் தண்ணீர் படாமல். கெட்டி அட்டை, அதன்மேல் பக்ரம் என்கிற விறைப்பான துணி, அதன்மேல் ரிப்பன். ரிப்பன் பின்னாலிருந்து மேல் விளிம்பைத் தாண்டி முன்னால் இறங்கி, மெடலின் கொக்கிப் பட்டைக்குள் நுழைந்து மறுபடி உள்ளே போகும். ஒவ்வொரு ரிப்பனையும் பருத்தி நூலால் ஓரங்களில் தைத்தேன். மெடலின் பட்டையை இரண்டு இடத்தில் மட்டும் பலகையோடு கட்டினேன். சைன்ய சேவா மெடலின் கிளாஸ்ப், அதாவது ரிப்பன்மேல் வரும் சின்ன உலோகப் பட்டை, ரிப்பனுக்கு நடுவில், நேராக. பின்பக்கம் கறுப்புக் கம்பளித் துணி, அதற்கு மேல் இரண்டு ஊசி உள்ள பித்தளை புரூச். வீர் சக்ரா மாதிரி பாதி கருநீலம் பாதி காவி என்று இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும் ரிப்பன் இந்த வரிசைகளில் இல்லை. இருந்தால் எந்த நிறம் எந்தப் பக்கம் என்று படத்தோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் கத்தரிக்க வேண்டும்.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். ஏழு ரிப்பனையும் ஒரே நீளத்துக்கு வெட்டிவிட்டேன். வட்ட மெடல்கள் நேர்ப் பட்டையில் தொங்குகின்றன, ஸ்டார் வளையத்தில் தொங்குகிறது, ஸ்டாரும் கொஞ்சம் பெரிசு. தைத்து முடித்து நிமிர்த்திப் பார்த்தால் இரண்டு ஸ்டாரும் மற்றவற்றைவிட நாலு மி.மீ. கீழே இறங்கியிருந்தன. மேல் விளிம்பு ஒரே கோடாக இருப்பது மட்டும் போதாது, மெடல்களின் அடியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மறுநாள் இரண்டையும் பிரித்து, ரிப்பனைக் குறைத்து, மறுபடி தைத்தேன். மேலிருந்து அடிவரை ஏறக்குறைய 9 செ.மீ. வந்தது. தையலாக இருந்ததால் பிரிக்க முடிந்தது.

பாலிஷ் நான் போடவில்லை. மென்மையான பனியன் துணியால் துடைத்ததோடு சரி.

புடவையில் எப்படிக் குத்துவது

இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. சமையல் தராசில் வைத்துப் பார்த்தோம், ஏழு மெடலும் பலகையோடு கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கோட்டில் குத்தினால் துணி தாங்கும். அம்மா கட்ட நினைத்தது ஆரணிப் பட்டு, பெரியவர் பென்ஷன் வந்த வருஷம் வாங்கிக் கொடுத்ததாம். பட்டில் இரண்டு ஊசி குத்தினால் எடை இழுத்து நூல் பிரியும், முன்னால் தலைகுனிந்து தொங்கும். முந்தானை இடத்தோளில் போவதால் வலப்பக்க மார்பில் புடவையின் ஓரமும் ரவிக்கையும்தான் இருக்கின்றன.

என் மனைவிதான் வழி சொன்னாள். ரவிக்கையின் உள்பக்கம், வலது தோள்பட்டைத் தையலிலிருந்து மார்புவரை நாலு விரல் அகலத்தில் பக்ரம் வைத்த ஒரு பட்டையைத் தைத்தோம். எடை முழுக்கத் தோள்தையலுக்குப் போய்விடும், முன் துணி இழுபடாது. புடவையின் ஓரத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுக்கிக் கட்டினால் ஊசி பட்டில் படவே வேண்டாம், ரவிக்கையோடு நின்றுவிடும். வீட்டில் அம்மா அதைப் போட்டுக்கொண்டு நடந்து, உட்கார்ந்து, குனிந்து பூ வைப்பது போலச் செய்து பார்த்தார். நிமிர்ந்தபோது வரிசை நேராக இருந்தது.

சுபேதாரையும் சீருடையில் மாட்டச் சொல்லி இருபது தடவை சல்யூட் அடிக்கவும் நடக்கவும் வைத்தேன். இடப்பாக்கெட்டுக்கு மேல், பாக்கெட் விளிம்புக்கு இணையாக. தினமும் குத்தும் ரிப்பன் பாரை எடுத்துவிடச் சொன்னேன், முழு மெடல் போடும்போது அது இருக்கக்கூடாது. சட்டைத் துணி மெல்லிசு என்பதால் உள்ளே ஒரு பட்டைத் துணி வைத்து அதையும் சேர்த்துக் குத்தினோம்.

நினைவுச் சின்னத்திலும் பரங்கிமலையிலும்

என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். முந்தின நாள் காலை போர் நினைவுச் சின்னத்தில் வெயில் ஏறுவதற்கு முன் போய்விட்டோம். சுபேதார் சாதாரண உடுப்பில் இருந்தார். அம்மா ஆரணிப் பட்டில், வலப்பக்கம் ஏழு மெடலோடு. மலர் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தபோது நடை பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர், எண்பதை நெருங்கியவர், எங்களைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். அம்மாவின் மார்பைப் பார்த்தார். யார், என்ன என்று எதுவும் கேட்கவில்லை.

“எப்பம்மா போனாரு?” என்றார்.

“போன வருஷம்.”

“வூண்ட், சமர் சேவா, பூர்வி.” வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார், ஸ்டாருக்கு அடுத்தது நேராகச் சங்கிராம் வந்ததும் நிறுத்தி, “ரக்ஷா எங்கம்மா?” என்றார். தொலைந்துபோனதைச் சொன்னோம். அவர் விறைப்பாக நின்று அம்மாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதற்கப்புறம் வெகுநேரம் மெடலின்மேல் கையை வைத்தபடியே இருந்தார்.

மறுநாள் பரங்கிமலையில், பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயர். 1987-இல் இலங்கையில் வீரமரணம் அடைந்து பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயரில் உள்ள மைதானம், அவரும் இங்கே பயிற்சி பெற்றவர்தான். பரேடு முடிந்து நட்சத்திரம் குத்தும் நேரம் வந்தது. ஒரு தோளில் அப்பா, ஒரு தோளில் அம்மா. பாட்டி பக்கத்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், மெடல்கள் அதற்குள் இருந்தன. குத்தி முடித்ததும் சுபேதார் ஒரு எட்டு பின்னால் வைத்துத் தன் மகனுக்கு, இனி தனக்கு மேலதிகாரி ஆகிவிட்ட லெப்டினன்டுக்கு, சல்யூட் அடித்தார். ஒன்பது மெடலும் அசையவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேநீர் வேளையில் ஓய்வு பெற்ற ஒரு கர்னல் சுபேதாரிடம் வந்து, கேள்வி எதுவும் இல்லாமல், சியாச்சினில் எந்த வருஷம் என்றுதான் பேச்சைத் தொடங்கினார். அப்புறம் காங்கோ பற்றி.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

முதல் நாளே டிஸ்சார்ஜ் புக்கைக் கேட்பேன். புத்தகம் கைக்கு வராமல் அட்டையைத் தொடமாட்டேன். கொண்டுவந்த வரிசையைப் பிரிப்பதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம், ஒவ்வொரு விளிம்பு என்று படம் எடுத்து வைப்பேன், இந்தத் தடவை அவசரத்தில் விட்டுவிட்டேன். ரிப்பனை வெட்டுவதற்கு முன் எல்லா மெடலையும் அடிவிளிம்பு ஒரே கோட்டில் வருகிற மாதிரி ஸ்கேல் வைத்து அடுக்கிப் பார்ப்பேன்.

பழைய ரிப்பனை இனி யார் வீட்டிலும் தூக்கிப்போட விடமாட்டேன். இற்றுப்போனதை ஒரு உறையில் போட்டு மெடலோடேயே வைக்கச் சொல்கிறேன். கடைக்குக் கொடுப்பவர்களிடமும் முதலில் சொல்வது அதைத்தான், பாலிஷ் வேண்டாம், பசை வேண்டாம், பழைய ரிப்பனைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நகல் விஷயத்தில் நான் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்க வேண்டும். அந்தப் பெரியவர் ‘ரக்ஷா எங்கம்மா’ என்று கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. 1965 ஸ்டார் இருந்து ரக்ஷா இல்லாவிட்டால் படிக்கிறவனுக்கு ஒரு சொல் விட்டுப்போன மாதிரிதான் இருக்கும். ஆனால் அம்மாவிடம் கேட்டால் இப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார், அவர் சொல்வதில் உள்ள நியாயத்தையும் என்னால் தள்ள முடியவில்லை.

கொழுந்தனாரின் சங்கிராம் மெடலுக்குத் தனியாக ஒரு ரிப்பன் போட்டு, தனி புரூச்சில் தைத்துக் கொடுத்தேன். அம்மா அதை வீட்டில் அவருடைய போட்டோவுக்குக் கீழே மாட்டியிருக்கிறார். ரக்ஷா மெடலுக்கான விண்ணப்பம் நல அலுவலகம் வழியாகப் போய், அம்மாவின் கையெழுத்து ஒரு இடத்தில் விட்டுப்போனதால் ஒரு தடவை திரும்பி வந்து, சரிசெய்து மறுபடி போயிருக்கிறது. மெடல் வந்தால் சைன்ய சேவாவிலிருந்து கடைசி வரை மூன்று ரிப்பனைப் பிரிக்க வேண்டும், ஸ்டார்களையும் சங்கிராமையும் 18 மி.மீ. இடைவெளிக்கு நகர்த்த வேண்டும். அதற்கான 32 மி.மீ. ரிப்பன் ஒரு முழம் வாங்கி என் தையல் பெட்டியில் வைத்திருக்கிறேன்.